எனக்காக மாற வேண்டாம்

நான் கதவைத் திறந்தால் போதும், என் வீட்டில் ஒரு பேச்சு செத்துப்போகும்.

எனக்குப் பீட்டர்ஹெட் துறைமுகத்தில் வேலை. நாள் முழுக்கக் கத்தியும் கையுமாக நின்று ஹாடக் மீனை அறுத்து முள் நீக்க வேண்டும். வீட்டுக்கு வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே உள்ளே என் மனைவி மர்டீனாவும் மகள் ஓய்ரிக்கும் பேசுகிற சத்தம் கேட்கும். கேலிக் மொழி, மேற்குத் தீவுக்காரர்களின் பழைய பேச்சு. மர்டீனா லூயிஸ் தீவுக்காரி. நான் இந்தக் கரையில் பிறந்தவன், எனக்கு அதில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தம் பிடிக்கும். சண்டை போட்டாலும் சிரித்தாலும் மழை ஓட்டில் விழுவதுபோல விடாமல் போய்க்கொண்டிருக்கும்.

கதவைத் திறப்பேன். இரண்டு பேரும் பாதி வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள்.

"வந்துட்டியா எக்? டீ போடட்டுமா?" என்பாள் மர்டீனா.

வருஷக்கணக்காக இதே கதை. யாரும் அவர்களை அதட்டவில்லை, யாரும் தடை போடவில்லை. மரியாதையாம்! புரியாத ஒரு மனுஷன் அறைக்குள் வந்தால் அவனுக்குப் புரிகிற மொழிக்கு மாறிவிட வேண்டும். தீவுக்குப் போனால் இன்னும் மோசம். ஒரு வீடு நிறைய ஜனம் கேலிக்கில் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கும். நான் தலையை நீட்டுவேன். ஒரு ஆளுக்காக மொத்தக் கூட்டமும் ஆங்கிலத்தில் வானிலை பேச ஆரம்பித்துவிடும். எனக்கு வானிலையில் என்ன அக்கறை? சன்னல் வழியாகப் பார்த்தால் தெரிகிறது.

இத்தனை நாள் இதை நல்ல மனசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெகி டீச்சர் போன் செய்த நாளில்தான் எனக்குச் சுருக்கென்றது.

பெகி டீச்சர் பாரா தீவில் இருக்கிறார். எங்கள் ஊரில் கேலிக் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் வாரத்தில் மூன்று சாயங்காலம் ஓய்ரிக் மடிக்கணினி முன்னால் உட்காருவாள். அங்கங்கே சிதறிக் கிடக்கிற பிள்ளைகள் திரையில் கட்டம் கட்டமாக வந்து சேருவார்கள். கிளாஸ்கோவில் ஒரு பையன், ஏதோ ஆட்டுப்பண்ணையில் ஒரு அக்காளும் தங்கையும். மர்டீனாவைத் தவிர ஓய்ரிக் அந்த மொழியில் பேசக்கூடிய மனிதர்கள் இந்த உலகத்தில் அந்தக் கட்டங்களுக்குள்தான் இருந்தார்கள். இது போக அவள் செல்போனில் ஒரு செயலி. அதனிடம் கேலிக்கில் பேசினால் தங்க நட்சத்திரம் கொடுக்கும். ஓய்ரிக்கிடம் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. போனிடம் வெளுத்து வாங்குவாள், மனுஷரிடம்தான் வாய் திறக்க மாட்டாள்.

டீச்சர் போனில் சொன்னது இதுதான்.

"அவளுக்கு நல்லாவே பேச வருது. ஆனா வீட்ல யாராச்சும் நடமாடுற சத்தம் கேட்டாப் போதும், மைக்கை அணைச்சுடுறா, மடிக்கணினி மூடியச் சாத்திடுறா. விடுமுறை முடிஞ்சதும் வகுப்பைப் பிரிக்கப் போறாங்க. சரளமாப் பேசுற பிள்ளைங்க ஒரு பக்கம், புதுசா கத்துக்கிறவங்க இன்னொரு பக்கம். ஆளுங்க நடுவுல பேசாத பிள்ளைய நான் எப்படி சரளமாப் பேசுறவங்க வகுப்புல வெக்க முடியும்?"

புதிதாகக் கற்கிறவர்கள் வகுப்பு எப்படி இருக்கும் என்று மர்டீனா சொன்னாள். பூனை எங்கே? மேசை மேலே. பந்து என்ன நிறம்? சிவப்பு. ஒன்பது வயதில் தன் அம்மாவோடு ஊர்வம்பு பேசுகிறவளை அங்கே உட்கார வைத்தால், ஒரே வருஷத்தில் அந்த மொழியே சலித்துத் தூக்கிப் போட்டுவிடுவாள். கிளாஸ்கோ பையனும் ஆட்டுப்பண்ணைப் பெண்களும் அவள் கைவிட்டுப் போவார்கள். மிச்சம் இருப்பது மர்டீனா மட்டும். அதுவும் நான் வீட்டில் இல்லாத நேரத்தில்.

நான் நேரே மகளிடம் போனேன்.

"ஏம்மா, நான் உள்ள வந்தா ஏன் மூடியச் சாத்துற? வெக்கமா இருக்கா?"

"இல்லியே."

"பின்ன?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீ பாவம்ப்பா. உனக்குத்தான் புரியாதே. உன் முன்னால பேசுனா மரியாதை இல்லல்ல?"

பள்ளிக்கூடத்துக்காரர்கள் மேல் கோபம் வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அரசாங்கத்தின் மேல் வந்திருந்தாலும் பரவாயில்லை. இங்கே அந்த மொழியின் கொலைக்கு என் பெயரைச் சொல்கிறது பிள்ளை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மர்டீனா! பிள்ளைக்கு என்னத்தச் சொல்லி வளத்து வெச்சிருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லித் தரல. எங்கள்ல யாரும் சொல்லித் தர்றதில்ல. பாத்துப் பாத்து வர்றதுதான்."

"நல்லா வந்துச்சு போ! வீட்டக் கொளுத்தி விருந்தாளிக்கு வெளிச்சம் காட்டுற கூட்டம்யா உங்க கூட்டம்."

"உன்ன ஒதுக்குற மாதிரி ஆயிடக் கூடாதேன்னுதான் எக்..."

"ஒதுக்கு! நல்லா ஒதுக்கு! ஒதுக்காதேன்னு நான் எப்பவாவது வந்து கெஞ்சினேனா?"

எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் பழைய கறுவு ஒன்று உண்டு. எங்கள் கடற்கரைப் பேச்சைப் பேசினால் பள்ளிக்கூடத்தில் "ஒழுங்காப் பேசு" என்று முட்டியில் தட்டுவார்கள். நானும் விடாமல் அப்படியே பேசுவேன். முட்டி வீங்கியதே தவிர என் பேச்சு மாறவில்லை. அப்படிப்பட்ட என்னைச் சாக்காக வைத்து, தட்டுவதற்கு ஆளே இல்லாமல், தாங்களாகவே வாயை மூடிக்கொள்கிறார்களே இவர்கள்! இதை எங்கே போய்ச் சொல்வது?

மறுநாள் வகுப்பு நேரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஓய்ரிக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் கை மூடியின் மேல் போனது. நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் பெகி டீச்சர் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புன்னகைத்தார்.

"அடடே, ஓய்ரிக் அப்பாவா! வாங்க வாங்க. நாங்க இப்ப ஒரு கடல்நாய்க் கதை பாத்துக்கிட்டிருக்கோம்..."

ஆங்கிலத்தில்! அந்த மொழியைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிற டீச்சர், என் மூக்கைக் கண்டதும் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு வந்துவிட்டார்.

"டீச்சர்," என்றேன், "நீங்களுமா?"

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டார். கிளாஸ்கோ பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மன்னிச்சுக்குங்க. தன்னாலயே வந்துடுது," என்றார் டீச்சர்.

"எனக்கு ஆங்கிலம் வேண்டிய மட்டும் இருக்கு டீச்சர். நீங்க வேற ஊட்ட வேணாம். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் மட்டும் உங்க மொழியில சொல்லிக் குடுங்க. எனக்காக மாற வேண்டாம். அவ்வளவுதான்."

அவர் சொல்லிக் கொடுத்தார். தொண்டைக்குள் மீன்முள் மாட்டினால் வருகிற சத்தம் இரண்டு இடத்தில் இருந்தது. நான் அதை வேலைக்கு எடுத்துப்போனேன். ஒவ்வொரு ஹாடக்குக்கும் ஒரு தடவை சொன்னேன். பக்கத்து மேசைக்காரன், "என்னடா, மீனுக்கு ஜெபம் பண்றியா?" என்றான். ஆமாம், உனக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

ஆனால் வாக்கியத்தால் என் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நான் சொல்வேன், மர்டீனா ஒப்புக்கொள்வாள், கேலிக்கில் நாலு சொல் பேசுவாள். ஐந்தாவது சொல் ஆங்கிலமாக இருக்கும். ஓய்ரிக் இன்னும் கெட்டிக்காரி. நான் உள்ளே வந்தால் பேசுவதையே நிறுத்திவிடுவாள்.

டீச்சர் கடைசியாக ஒரு வழி சொன்னார். கிழங்கு தோண்டும் காலத்துக்கென்று பள்ளிகள் விடுகிற அக்டோபர் மாதத்து உருளைக்கிழங்கு விடுமுறைக்கு நாங்கள் தீவுக்குப் போகிறோம், மர்டீனாவின் அண்ணன் டோர்மட் வீட்டுக்கு. "நல்லதாப் போச்சு. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துல என்னையும் மேசை மேல வெச்சுடுங்க. நான் கேள்வி கீள்வி கேக்கல. ஆளுங்க நடுவுல அவ எப்படிப் பேசுறான்னு மட்டும் பாக்குறேன். அதை வெச்சுத்தான் முடிவு." விடுமுறை நாளில் இதைச் செய்ய அவருக்கு என்ன தலையெழுத்து? அந்த ஒன்றுக்காக அவருடைய கடல்நாய்க் கதையை மன்னித்தேன்.

டோர்மட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். தங்கமான மனுஷன், வீட்டுக்கு வந்தவனைத் தட்டு காலியாக விடமாட்டான். அன்றைக்கு மேசையில் தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய், உப்பு, பால். நடுவில் பெரிய தட்டில் குகா. கடற்பாறையிலிருந்து பிடித்து வந்து உப்பில் போட்ட கடற்பறவைக் குஞ்சு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், இந்த ஊர்க்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். எனக்கு அது எண்ணெயில் ஊறின பழைய செருப்பு. இருந்தாலும் தின்பேன். நான் பின்வாங்குகிற ஆள் இல்லை.

டோர்மட்டின் மனைவி டொலீனா டேப்லட்டைப் பால் ஜாடியின் மேல் சாய்த்து வைத்தாள். பெகி டீச்சர் அதிலிருந்து எல்லோருக்கும் கேலிக்கில் வணக்கம் சொன்னார். எல்லோரும் தலை குனிந்தோம். டோர்மட் சாப்பாட்டு ஜெபம் சொன்னான், நீளமாக, கணீரென்று, கேலிக்கில். ஆமென் என்று முடித்துத் தலையைத் தூக்கினான், என்னைப் பார்த்தான்.

"எடுத்துக்கங்க மாப்பிள! இந்த வருஷம் பறவை நல்ல கொழுப்பு," என்றான், ஆங்கிலத்தில்.

கடவுளுக்காக மாறாதவர்கள் எனக்காக மாறுகிறார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். கேலிக்கில், தொண்டைச் சத்தம் இரண்டும் சேர்த்து. எனக்காக மாற வேண்டாம்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு டோர்மட் கைதட்டினான்.

"அட்ராசக்கை! மாப்பிள பேசிட்டாரு பாருங்க! டொலீனா, கேட்டியா? பிரமாதம் மாப்பிள, பிரமாதம்!"

எல்லாம் ஆங்கிலத்தில்! அவனுடைய மகன்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் சிரித்தார்கள். டொலீனா, "எவ்வளவு அழகாச் சொன்னாரு, பாவம்," என்று ஆங்கிலத்தில் இன்னும் ஒரு துண்டுப் பறவையை என் தட்டில் போட்டாள்.

நான் மறுபடி சொன்னேன், இந்தத் தடவை சத்தமாக.

டோர்மட்டின் முகம் மாறியது. "விளையாட்டு இருக்கட்டும் மாப்பிள. என் வீட்டு விருந்தாளி என் மேசையில ஊமை மாதிரி உக்காந்துட்டுப் போனாருன்னா ஊர்ல என் மூஞ்சியில துப்ப மாட்டாங்களா?"

"நான் ஊமையா உக்காந்துட்டுப் போறேன் மச்சான். எனக்குச் சம்மதம்."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்? இதோ என் பசங்க. இங்கயே பொறந்து இங்கயே வளர்றவங்க. இவங்களே பேசுறதில்ல. பீட்டர்ஹெட்ல மீன்நாத்தத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டு, பொட்டியப் பாத்துப் படிச்சு, உங்க பொண்ணு பேசிக் கிழிக்கப் போறாளாக்கும்?"

சொன்ன பிறகுதான் டோர்மட்டுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ஓய்ரிக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் ஜாடியில் சாய்ந்திருந்த டீச்சர் நிலைமையைச் சமாளிக்க அவளிடம் கேலிக்கில் ஏதோ கேட்டார். பறவை எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார். ஓய்ரிக் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பாழாய்ப்போன மரியாதை அவள் கண்ணில் தெரிந்தது.

"நல்லா இருக்கு டீச்சர்," என்றாள், ஆங்கிலத்தில்.

டீச்சர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். மர்டீனா மேசைக்கடியில் என் முழங்காலைப் பிடித்தாள்.

"எக், நான் சொல்றதக் கேளு," என்று என் காதோரம் கிசுகிசுத்தாள். "நீ கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லேன். நீ போனா எல்லாரும் தன்னால பேசுவாங்க. அவளும் பேசுவா. பத்தே நிமிஷம். டீச்சர் பாத்துடுவாங்க, வேலை முடிஞ்சுது."

அவள் சொன்னது உண்மை. நான் எழுந்து வெளியே போய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். மகள் சரளமாகப் பேசுகிறவர்கள் வகுப்பில் இருப்பாள். மர்டீனா கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் எழுந்துவிடலாம் போல்தான் இருந்தது. நாற்காலியைக்கூடத் தள்ளிவிட்டேன்.

பிறகு திரும்ப இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கிசுகிசுக்கவும் இல்லை.

"போக மாட்டேன். நான் வெளிய போனாத்தான் அது உயிரோட இருக்கும்னா, நான் சாகுற வரைக்கும் அது நம்ம வீட்டுக்குள்ள வராது மர்டீனா. எத்தனை தடவ வெளிய போறது? மழையில நிக்கட்டுமா? பூட்ஸைக் கழட்டாம வாசல்லயே படுத்துக்கட்டுமா? அவ எந்த வகுப்புல வேணா இருக்கட்டும். என் பொண்ணு என் முன்னால பேசணும். என்னைத் தாண்டிப் பேசணும். நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

நான் ஓய்ரிக் பக்கம் திரும்பி, அவளுக்காக மட்டும், மெதுவாக, கேலிக்கில் என் ஒரே சொத்தைச் சொன்னேன். எனக்காக மாற வேண்டாம்.

அவள் என்னைப் பார்த்தாள். உதட்டை ஒரு பக்கமாகக் கடித்தாள். அது அவள் அம்மாவின் குணம், ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்படித்தான். பிறகு தன் கையை என் பக்கம் நீட்டி என்னிடம் எதையோ கேட்டாள்.

கேலிக்கில். என்னிடம்! அவள் பிறந்ததிலிருந்து அந்த மொழியில் ஒரு சொல்கூட என்னிடம் பேசியதில்லை.

மேசையிலிருந்து எதையோ கேட்கிறாள், அது புரிந்தது. எதை? பால் கோப்பையை எடுத்து நீட்டினேன். தலையை ஆட்டினாள். "பன்யா," என்றாள் கோப்பையைக் காட்டி. அது பால், கேட்டது அது இல்லை என்று அர்த்தம். முதலில் கேட்டதையே மறுபடி கேட்டாள். நான் பறவைத் தட்டைத் தூக்கினேன். பையன்கள் சிரித்தார்கள். "குகா," என்றாள், இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு வேர்த்துவிட்டது. உப்பு ஜாடியை எடுத்தேன். "சலன்," என்றாள் பொறுமையாக. மறுபடியும் கை நீட்டினாள்.

டோர்மட்டுக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள, அவ கேக்குறது..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

ஓய்ரிக் திரும்பி அவனைப் பார்த்து ஒரு வரி சொன்னாள். அவன் வாய் திறந்தபடியே நின்றது. அவள் சொன்னதை மர்டீனா பிற்பாடுதான் எனக்குச் சொன்னாள். "சும்மா இருங்க மாமா. எங்கப்பா கண்டுபிடிப்பாரு."

மிச்சம் இருந்தது உருளைக்கிழங்கும் வெண்ணெயும். உருளைக்கிழங்கு அவள் தட்டிலேயே இருந்தது. நான் வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.

"ஈம்!" என்று கத்தினாள். வாங்கிக்கொண்டாள். பிறகு மடை திறந்துவிட்டது. வெண்ணெயைத் தடவிக்கொண்டே டீச்சரிடம் பேசினாள், அத்தையிடம் பேசினாள், பையன்களைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்தாள். சின்னவன் வீம்புக்குப் பதில் சொல்ல வாயெடுத்து, சொல் கிடைக்காமல் திணறி, எங்கிருந்தோ இரண்டு சொல்லைப் பிடித்து வந்து கேலிக்கில் போட்டான். நடுநடுவே என்னிடமும் திரும்பி எதையோ சொன்னாள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. அவள் கவலைப்படவும் இல்லை. நான் தலையாட்டிக்கொண்டு அந்தப் பழைய செருப்பை மென்றேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை.

டீச்சர் விடைபெறும்போது மர்டீனாவிடம் ஏதோ சொன்னார். முடிவு என்னவென்று எனக்கு ஒருவரும் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. மர்டீனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

டேப்லட்டை எடுத்து வைத்த பிறகு டோர்மட் தட்டின் மேல் குனிந்தான். கிழங்கைத் தோலுரித்தான், உடைத்தான், உடைத்ததையே மறுபடி உடைத்தான். கடைசியில் என்னை ஏறிட்டுப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, விருந்தாளியான என்னிடம், என் முகத்துக்கு நேராக, கேலிக்கில் ஒன்று கேட்டான். அதில் சலன் என்ற சொல் இருந்தது.

நான் பாலை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் கேட்டது உப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு தடவை கேட்கட்டுமே.